வெயிலில் கிடந்த கலர் பாட்டிலை ப்ரிட்ஜில் வைத்தால் கேஸ் திரும்புமா?

கடைத்தெரு
ராமநாதபுரம் பக்கம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கத்திரி தொடங்கிவிட்டால் கலர், சோடா, தண்ணீர் பாட்டில் இவைதான் எங்களுக்கு வியாபாரமே. ஏஜென்சி வண்டி பெரும்பாலும் மத்தியானத்தில்தான் வருகிறது. திறந்த வண்டி, மேலே தார்ப்பாய் கிடையாது. இறக்கும்போது பாட்டிலைத் தொட்டால் கை சுடுகிறது. என் கடைக்கும் தகரக் கூரைதான். இருக்கிற ப்ரிட்ஜ் ஒன்று, அதில் சரக்கில் பாதிகூட அடங்காது.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். ஒரே லோடில் வந்த பாட்டில்களில் ஒன்றைத் திறந்தால் பொங்கி வழிந்து வாங்கினவர் சட்டையெல்லாம் நனைகிறது. இன்னொன்றைத் திறந்தால் "புஸ்" என்ற சத்தம்கூடச் சரியாக வராமல், குடித்தால் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. கேஸ் அதிகமா, குறைவா? ஒரு தடவை சூடான பாட்டிலைத் திரும்பக் குளிர வைத்தால் பழையபடி ஆகுமா, இல்லை போனது போனதுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வருகிறவர் 20 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டு முகம் சுளித்துக்கொண்டு போவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

வழிப்போக்கன்
சூடானால் கேஸ் பிரிந்துவிடும், அப்புறம் எவ்வளவு குளிர வைத்தாலும் வராது என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்து மறுபடி உள்ளே வைத்தாலும் கெட்டுவிடும் என்பார்கள்.

வேதியியல் வாத்தியார்
மூடி திறக்காத பாட்டிலுக்கு அது பொருந்தாது. அடிப்படையிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கலரில் இருக்கும் கேஸ் கார்பன் டை ஆக்சைடு. அது தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: தண்ணீரின் வெப்பநிலை, தண்ணீருக்கு மேலே நிற்கும் அந்த கேஸின் அழுத்தம். அழுத்தம் இரண்டு மடங்கானால் கரையும் அளவும் இரண்டு மடங்காகும். மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803இல் சொன்ன விதி இது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஹென்றி விதி என்று நடத்துகிறோம்.

வெப்பம் இதற்கு நேரெதிராக வேலை செய்யும். சாதாரணக் காற்றழுத்தத்தில், மேலே முழுக்க இந்த கேஸ் மட்டுமே இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 0 டிகிரியில் சுமார் 3.3 கிராம் கரையும். 20 டிகிரியில் 1.7 கிராம். 30 டிகிரியில் 1.25 கிராம். 40 டிகிரியில் ஒரு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. சர்க்கரை கலந்தால் இன்னும் சற்றுக் குறையும்.

கோலா வகைகளில் லிட்டருக்குச் சுமார் 7 கிராம் வரை அடைத்திருப்பார்கள். ஆரஞ்சு மாதிரிப் பழச்சுவைக் கலர்களில் இதைவிடக் குறைவு. அந்த 7 கிராம் தண்ணீருக்குள் அடங்கி நிற்க 4 டிகிரியில் ஏறத்தாழ இரண்டரை வளிமண்டல அழுத்தம் போதும். 30 டிகிரியில் ஐந்தரை வேண்டும். 40 டிகிரியில் 7. கார் டயருக்குள் இருப்பது மொத்தமாகவே மூன்று, மூன்றேகால்தான். உங்கள் கடை வாசலில் வெயிலில் நிற்கும் பாட்டிலுக்குள் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கிறது.

கடைத்தெரு
சார், அப்படியென்றால் வெயிலில் கேஸ் தண்ணீரை விட்டு மேலே ஏறி மூடிக்கடியில் நிற்கும், திறந்ததும் போய்விடும், அப்படித்தானே?

வேதியியல் வாத்தியார்
ஏறும், ஆனால் நினைக்கிற அளவுக்கு ஏறாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அரை லிட்டர் பாட்டிலில் மொத்தம் 3.5 கிராம் கேஸ் என்று வையுங்கள். கழுத்தில் காலியிடம் 20 மில்லி இருக்கும். குளிர்ந்த பாட்டிலில் அந்த 20 மில்லிக்குள் நிற்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அது கால் கிராம் ஆகும், அவ்வளவுதான். மேலே இடம் இல்லையே, எங்கே போகும்? கொஞ்சம் கேஸ் வெளியே வந்ததுமே அங்கே அழுத்தம் எகிறிவிடும், மீதி கேஸ் தண்ணீரை விட்டு வரமுடியாது. கொதிக்கிற வெயிலிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கேஸ் தண்ணீருக்குள்ளேதான் இருக்கிறது.

திரும்பக் குளிர வைத்தால் மேலே ஏறின அந்தக் கொஞ்சமும் மறுபடி கரைந்துவிடும். ஒரு நாள் வெயில் பட்ட மூடின பாட்டிலுக்கு கேஸ் கணக்கில் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. ப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தாலும் அதே கதைதான்.

வழிப்போக்கன்
அப்படியானால் சப்பென்று போன பாட்டில் எங்கிருந்து வந்தது? அண்ணன் கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறார்.

பிளான்ட்காரன்
அதற்கு நான் பதில் சொல்கிறேன். குளிர்பான பிளான்ட்டில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன்.

சார் சொன்ன கணக்கு முழுக்கச் சரி, பாட்டில் கண்ணாடியாக இருந்தால். பெட் (PET) என்கிற பிளாஸ்டிக்கில் செய்த பாட்டில் கேஸை முழுசாகத் தடுக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவில் கார்பன் டை ஆக்சைடு அந்த பிளாஸ்டிக் சுவருக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஓட்டை இல்லை, மூடி சரியில்லை என்பதும் இல்லை. அந்தப் பொருளின் சுபாவமே அப்படி. நத்தானியல் வையத் 1973இல் பெட் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். கலரின் அழுத்தத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் தாங்குவது வேறு, கசியாமல் இருப்பது வேறு.

இங்கேதான் வெயில் தன் வேலையைக் காட்டும். சூடு ஏறினால் பிளாஸ்டிக் வழியாக கேஸ் நகரும் வேகம் கூடுகிறது. உள்ளே அழுத்தமும் கூடுவதால் தள்ளுகிற விசையும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து, 10 டிகிரி ஏறினால் கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 22, 23 டிகிரி குடோனில் ஒரு பாட்டில் மூன்று மாதத்தில் இழக்கிற கேஸை, தகரக் கூரைக்கடியில் 42 டிகிரியில் கிடக்கிற பாட்டில் ஒரு மாதத்துக்குள்ளேயே இழந்துவிடும்.

பொதுவாக கேஸில் 15 சதவீதம் போகும் வரைதான் பாட்டிலின் ஆயுள் என்று எடுத்துக்கொள்வோம். அதற்கு மேல் போனால் குடிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். அட்டையில் "வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று போட்டிருக்கிறதே, பாட்டிலில் போட்டிருக்கிற கெடு தேதியே அப்படி வைத்தால்தான் செல்லும்.

அண்ணே, ஒரு கேள்வி. சப்பென்று இருந்தவை சின்ன பாட்டில்களா, பெரியவையா?

கடைத்தெரு
யோசித்துப் பார்த்தால் 250 மில்லிதான் அதிகம். 2 லிட்டர் பாட்டிலுக்கு இந்தப் புகார் வந்ததே இல்லை.

பிளான்ட்காரன்
எதிர்பார்த்ததுதான். ஒரே வடிவத்தில் செய்தால் 250 மில்லி பாட்டிலுக்கு, உள்ளே இருக்கும் சரக்கோடு ஒப்பிட்டால், சுவர்ப் பரப்பு 2 லிட்டர் பாட்டிலைப் போல இரண்டு மடங்கு. கசிவதும் அந்த அளவு வேகம். அதனால்தான் சின்ன பாட்டிலுக்குத் தேதி குறைவாகப் போடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. சூட்டில் அழுத்தம் ஏறினதும் பெட் பாட்டில் மெல்ல விரிந்து கொடுக்கும். கொஞ்ச நாள் வெயில் பட்ட பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஐந்து கால் மாதிரிப் புடைத்திருக்கும். அவற்றுக்கு நடுவே குழிந்திருக்க வேண்டிய இடம் வெளியே தள்ளிக்கொண்டு வந்திருக்கும். தரையில் நிறுத்தினால் பாட்டில் ஆடும். அப்படி ஆடுகிற பாட்டில் நன்றாகச் சுட்டுப் போன பாட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். விரிந்தால் உள்ளே காலியிடம் கூடும், அந்த இடத்தை நிரப்பவும் கேஸ் தண்ணீரை விட்டு வெளியே வரும். இந்த விரிவு குளிர வைத்தாலும் முழுசாகத் திரும்பாது.

டின்னுக்கும் கண்ணாடிக்கும் இந்தச் சுவர்க் கசிவு கிடையாது. கண்ணாடி பாட்டிலில் தகர மூடியின் உள்பக்கம் இருக்கும் மெல்லிய படலம் வழியாக மிகக் கொஞ்சம் போகும், அது கணக்கில் எடுக்கிற அளவு இல்லை.

கடைத்தெரு
அப்படியானால் ஏஜென்சி வண்டியில் ஒரு மத்தியானம் வெயிலில் வந்ததாலேயே கேஸ் போகவில்லை?

பிளான்ட்காரன்
ஒரு மத்தியானத்தில் சுவர் வழியாகப் போவது ஒரு சதவீதம்கூட இருக்காது. ஆனால் அந்த பாட்டில் உங்களிடம் வருவதற்கு முன்னால் எத்தனை வாரம் எந்தக் குடோனில் கிடந்தது என்பதுதான் கேள்வி. ஒரே லோடு என்றாலும் ஒரே தேதியில் அடைத்த சரக்கு என்று அர்த்தம் இல்லை. அடைத்த தேதி கழுத்திலோ மூடியிலோ அச்சிட்டிருக்கும். இறக்கும்போதே பாருங்கள். பழைய தேதிச் சின்ன பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், தயங்கவே தயங்காதீர்கள்.

வேதியியல் வாத்தியார்
பொங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொங்கினது ஒரு பாட்டில், சப்பென்று இருந்தது வேறொரு பாட்டில் என்றாலும், இரண்டும் ஒரே சூட்டிலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

மூடியைத் திறந்ததும் மேலே இருந்த அழுத்தம் சட்டென்று போய்விடுகிறது. 4 டிகிரியில் அந்தத் தண்ணீர் லிட்டருக்கு 2.9 கிராம் வரை இயல்பாகவே பிடித்துக்கொள்ளும். 32 டிகிரியில் 1.2 கிராம்தான் பிடிக்கும். 7 கிராம் இருக்கிற இடத்தில் சூடான பாட்டில் ஏறத்தாழ முழுசையும் வெளியே தள்ளப் பார்க்கிறது, அதுவும் அவசரமாக.

ஆனால் கேஸ் சும்மா தண்ணீரிலிருந்து குமிழியாகிவிடாது. குமிழி பிறக்க ஏற்கெனவே ஒரு துளிக் காற்று எங்காவது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டில் சுவரில் ஒரு கீறல், தூசி, குலுக்கியதால் உள்ளே சிதறின நுண்குமிழிகள், இவைதான் விதை. குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கி வந்த வண்டி, இறக்குகிறவர் கிரேட்டைப் பொத்தென்று போட்டது, அதோடு சூடு. மூன்றும் சேர்ந்தால் திறக்கிறவர் சட்டை நனையாமல் இருக்க வழியே இல்லை. பொங்கி முடிந்த பிறகு பாட்டிலில் மிச்சம் இருப்பதைக் குடித்தால் அதுவும் சப்பென்றுதான் இருக்கும்.

குலுங்கின பாட்டிலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அந்த நுண்குமிழிகள் மேலே ஏறியோ கரைந்தோ போய்விடும். குளிரிலேயே அசையாமல் இருந்தால் இன்னும் நல்லது.

சோடாக்கடை
கோவில்பட்டிப் பக்கம் கோலி சோடா போடுகிறோம், அப்பா காலத்திலிருந்து. எங்கள் பக்கத்து விஷயத்தையும் சொல்கிறேன்.

விடிகாலையிலேயே சோடா போட்டு முடித்துவிட வேண்டும் என்று அப்பா சொல்வார். தண்ணீரில் ஐஸ் போட்டுக் குளிர வைத்துத்தான் பாட்டிலில் ஊற்றுவோம். பாட்டிலை மெஷின் கூண்டில் மாட்டி, சிலிண்டரிலிருந்து கேஸ் விட்டுச் சுற்றும்போது, குளிர்ந்த தண்ணீர் கேஸைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். மத்தியானம் அதே தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்துச் சுற்றினால் எவ்வளவு சுற்றினாலும் காரம் ஏறாது. பாட்டில் தலைகீழாக நிற்கும்போது கோலி கழுத்துக்கு இறங்கி, உள்ளே இருக்கும் அழுத்தத்தால் ரப்பர் வாஷரில் இறுகி உட்கார்ந்துகொள்ளும். மூடி என்று தனியாக ஒன்றுமே இல்லை. கேஸ்தான் மூடி. ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை வாங்கின பாட்டில் இது. இன்னும் அதே அமைப்புதான்.

அதனாலேயே எங்கள் பாட்டில் பொய் சொல்லாது. வாஷர் தேய்ந்து கேஸ் கசிந்திருந்தால் கோலி தானாகவே கீழே இறங்கிவிடும். அதைக் கடைக்கு அனுப்பவே மாட்டோம்.

வெயிலுக்குப் பயப்படுவது கேஸ் போய்விடும் என்பதற்காக இல்லை, பாட்டில் வெடித்துவிடும் என்பதற்காக. வருஷக்கணக்கில் கிரேட்டில் உரசி உரசிக் கீறல் விழுந்த கண்ணாடி அது. சூட்டில் அழுத்தம் ஏறினால் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே விட்டுவிடும். கிரேட் மேல் ஈரச்சாக்குப் போட்டு, காய்ந்ததும் மறுபடி நனைப்போம். காற்று பட்டு ஈரம் காய்கிறபோது பாட்டில் குளிர்ந்தே இருக்கும். கரண்டும் வேண்டாம், ப்ரிட்ஜும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். வெயிலில் சுட்ட கண்ணாடி பாட்டிலை அப்படியே ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். முதலில் நிழலில் ஆறட்டும், அப்புறம் சாதாரணத் தண்ணீர், அதற்கப்புறம் ஐஸ். வெடித்த பாட்டில் துண்டு கையில் பட்டுத் தையல் போட்டவர்களை எங்கள் தொழிலில் பார்க்கலாம்.

கடைத்தெரு
அண்ணாச்சி, ஈரச்சாக்கு பெட் பாட்டிலுக்கும் ஆகுமா?

சோடாக்கடை
தாராளமாக ஆகும் தம்பி. ஆனால் அட்டைப்பெட்டியில் வந்ததை வெளியே எடுத்துவிட்டுப் போடுங்கள், பெட்டி ஊறிப்போகும். ராமநாதபுரத்தில் கடல் காற்று ஈரமாக அடிக்கிற நேரத்தில் சாக்கு சீக்கிரம் காயாது, அப்போது குளிர்ச்சியும் குறையும். வறண்ட காற்று வீசுகிற எங்கள் கரிசல் பக்கம் நன்றாகக் கேட்கும்.

நாலு பேர் வீடு
எனக்கும் ஒரு சந்தேகம். விசேஷத்துக்கு வாங்கின 2 லிட்டர் பாட்டிலில் பாதி மிஞ்சிவிட்டால் மறுநாள் குடிக்கவே முடிவதில்லை. பாட்டிலை அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி மூடினால் கேஸ் நிற்கும் என்று என் நாத்தனார் சொன்னாள். கவிழ்த்து வைத்தால் நிற்கும் என்றும் படித்தேன். காற்றடிக்கும் பம்ப் மூடி ஒன்று கடையில் விற்கிறார்கள். எது சரி?

பிளான்ட்காரன்
அக்கா, மூன்றுமே வேலைக்கு ஆகாது. காரணம் சொல்கிறேன்.

அமுக்கி மூடினால் உள்ளே கேஸ் வெளியே வர வர பாட்டில் திரும்ப உப்பிக்கொள்ளும். நீங்கள் அமுக்கின இடத்தை கேஸே நிரப்பிவிடும். கசங்கின சுவர் உப்புகிறபோது எதிர்ப்பு கொஞ்சம்தான், அதனால் கேஸ் இன்னும் சுலபமாக வெளியே வருகிறது.

கவிழ்த்து வைத்தால் காலியிடம் மேலேயிருந்து அடிப்பக்கம் போகும், அளவு அதேதான். மூடி லேசாகக் கசிகிற பாட்டிலாக இருந்தால் மட்டும் கேஸுக்குப் பதில் தண்ணீர் மூடிப் பக்கம் நிற்கும். அந்த லாபம் ரொம்பச் சின்னது.

பம்ப் மூடி உள்ளே அடிப்பது சாதாரணக் காற்று. கார்பன் டை ஆக்சைடு தண்ணீருக்குள் நிற்க வேண்டுமானால் மேலே கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம்தான் வேண்டும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு உதவாது. கெட்டியாக இருக்கிறதே என்று பாட்டிலைத் தொட்டுப் பார்த்து ஏமாந்துபோவோம், அவ்வளவுதான்.

உதவுவது குளிர் ஒன்றுதான். அதுவும் எவ்வளவு என்று பாருங்கள். 2 லிட்டர் பாட்டிலில் ஒரு லிட்டர் கலர் மிச்சம், அதில் 6 கிராம் கேஸ் இருக்கிறது, மேலே ஒரு லிட்டர் காலியிடம் என்று வைப்போம். மூடி வைத்தால் கேஸ் இரண்டு இடத்துக்கும் பங்கு பிரிந்துகொள்ளும். ப்ரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தால் கலரில் 3.6 கிராம் நிற்கும், மேலே 2.4 கிராம் போகும். சமையலறை மேடையில் 32 டிகிரியில் வைத்தால் கலரில் இரண்டரைதான் நிற்கும், மூன்றரை மேலே போய்விடும். அடுத்த தடவை மூடியைத் திருகினதும் அந்த மூன்றரையும் "புஸ்".

திறக்காத பாட்டிலில் காலியிடம் 20 மில்லி, இங்கே ஒரு லிட்டர். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. திறக்காத பாட்டிலைச் சூட்டிலிருந்து மீட்டுவிடலாம். திறந்த பாட்டிலை வெளியே வைத்தால் மீட்க முடியாது. வாங்கும்போதே ஒரு பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்னதாக நாலைந்து வாங்கி, அந்தந்த நேரத்துக்கு ஒன்று திறந்தால் நல்லது. அல்லது நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதே, மிஞ்சினதைச் சுத்தமான சின்ன பெட் பாட்டிலில் சாய்த்துப் பிடித்து, சுவரோடு வழிகிற மாதிரி மெதுவாக விளிம்பு வரை ஊற்றி இறுக மூடிவிடுங்கள். ஊற்றும்போது கொஞ்சம் போகும், ஆனாலும் காலியிடம் இல்லாததால் மறுநாள் குடிக்கிற மாதிரி இருக்கும்.

நாலு பேர் வீடு
ரொம்ப நன்றி. ஊற்றும்போது ஐஸ் போட்ட டம்ளரில் நுரை பொங்குவதும் இதனால்தானா?

வேதியியல் வாத்தியார்
ஆமாம் அம்மா. ஐஸ் கட்டியின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அந்தச் சின்னச் சின்னக் குழிகளில் காற்று ஒட்டியிருக்கும், அங்கே குமிழிகள் பிறக்கும். கலரும் சூடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். கடைகளில் குளிராத பாட்டிலை ஐஸ் மேல் கவிழ்த்து ஊற்றித் தருவார்கள். கலர் குளிர்ந்துவிடும், ஆனால் குளிர்வதற்கு முன்னாலேயே பாதி கேஸ் நுரையாகப் போயிருக்கும். பாட்டிலை முதலில் குளிர வைத்துவிட்டு, ஐஸைத் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு, டம்ளரைச் சாய்த்து ஊற்றிப் பாருங்கள். அலசினால் ஐஸின் மேல்பக்கம் வழவழப்பாகிவிடும்.

யாழ் வாசல்
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் சித்திரை, வைகாசியில் இதே பாடுதான். கெதியாகக் குளிர வேண்டும் என்று சோடாப் போத்தலையும் டின்னையும் ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்துபோகிற ஆட்கள் அதிகம். எங்கள் வீட்டில் ஒரு டின் உள்ளே வெடித்து ஃப்ரீசர் முழுக்கப் பிசுபிசு என்று ஆகிவிட்டது. குளிரில் அழுத்தம் குறையும் என்கிறீர்கள், பிறகு ஏன் வெடித்தது?

வேதியியல் வாத்தியார்
நல்ல கேள்வி. தண்ணீராக இருக்கிற வரைக்கும்தான் அந்தக் கணக்கு செல்லும். உறையத் தொடங்கினால் இரண்டு விஷயம் நடக்கும். தண்ணீர் ஐஸ் ஆகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. கழுத்தில் இருக்கும் காலியிடம் அதற்குப் போதாது. இரண்டாவது, ஐஸ் கேஸைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது. உறைந்த பகுதியிலிருந்து விரட்டப்பட்ட கேஸ் முழுக்க மிச்சம் இருக்கும் கொஞ்சம் திரவத்திலும் காலியிடத்திலும் போய் நெருக்கும். குளிராக இருந்தும் அழுத்தம் ஏறுவது அதனால்தான். டின்னின் குழிந்த அடிப்பாகம் வெளியே புடைக்கும், பிறகு தையலில் விடும். கண்ணாடிப் போத்தல் உடைந்தேவிடும்.

உறைந்தும் வெடிக்காத போத்தல் கிடைத்தால் உடனே திறக்காதீர்கள். ப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுக்க உருகவிடுங்கள். உருகினால் கேஸ் திரும்பக் கரைந்துகொள்ளும். பாதி உறைந்த நிலையில் திறந்தால் அத்தனையும் முகத்தில்தான்.

கெதியாகக் குளிர வேண்டுமானால் ஃப்ரீசரைவிட, ஐஸும் தண்ணீரும் கலந்த வாளிதான் நல்லது. ஒரு பிடி உப்பும் போடலாம். தண்ணீர் பாட்டிலை எல்லாப் பக்கமும் தொடுவதால் ஃப்ரீசர்க் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும். ஏற்கெனவே சுடுகிற கண்ணாடியை மட்டும் இதில் வைக்க வேண்டாம், அண்ணாச்சி சொன்னதுதான்.

மாத்திரைப்பெட்டி
மருந்துக் கடையில் இருக்கிறேன். பாட்டிலில் கேஸ் இருந்தும் சிலருக்குச் சப்பென்று தெரியும் ஒரு காரணம் உண்டு. அசிட்டசோலமைடு என்று ஒரு மாத்திரை. கண் அழுத்த நோய்க்கும், உயரமான மலைக்குப் போகிறவர்களுக்கு வரும் தலைசுற்றலுக்கும் கொடுப்பார்கள். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு சோடாவின் காரம் தெரியாமல் போய்விடும். மலையேறுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. நாக்கில் சுருக்கென்று குத்துவது குமிழி உடைவதால் மட்டும் இல்லை. கார்பன் டை ஆக்சைடை நாக்கில் இருக்கும் ஒரு நொதி அமிலமாக மாற்றுவதாலும்தான். 2009இல் எலிகளில் செய்த ஆய்வு, புளிப்பை உணரும் செல்களில்தான் அந்த நொதி இருக்கிறது என்று காட்டியது. இந்த மாத்திரை அந்த நொதியைத் தடுத்துவிடுகிறது. கடைக்கு வருகிற எல்லோருக்கும் இது பொருந்தாது, ஆனால் வயதானவர் ஒருவர் மட்டும் தினமும் குறை சொன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

சர்க்கரை இல்லாத டயட் வகைகளை வெயிலில் வைக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதில் அஸ்பார்டேம் போட்டிருந்தால் சூட்டில் அது மெல்லச் சிதைந்து இனிப்பு குறைந்துவிடும். கேஸாவது குளிர வைத்தால் திரும்பும். இந்த இனிப்பு திரும்பாது.

கடைத்தெரு
இவ்வளவு பேர் உட்கார்ந்து விளக்கியதற்கு எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒரு கேள்வி. வாங்குகிறவர் பாட்டிலை அமுக்கிப் பார்த்துவிட்டு, கல்லு மாதிரி இருக்கிறது, நல்ல கேஸ் என்று எடுத்துக்கொண்டு போகிறார். அது சரியான சோதனையா?

பிளான்ட்காரன்
சூடான பாட்டிலில் அது சோதனையே இல்லை. 40 டிகிரியில் கேஸ் குறைந்த பாட்டிலும் கல்லு மாதிரிதான் இருக்கும். கால்வாசி கேஸ் போன பாட்டில்கூட அந்தச் சூட்டில் உள்ளே ஐந்து வளிமண்டல அழுத்தத்தோடு நிற்கும். விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

ராத்திரி முழுக்க ப்ரிட்ஜில் இருந்த பாட்டிலைக் காலையில் எடுத்து, லேபிளுக்கு மேலே தோள் பக்கம் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். பக்கத்திலேயே புதுத் தேதிப் பாட்டில் ஒன்றையும் அதே குளிரில் வைத்து அமுக்குங்கள். குளிரில்தான் உண்மை தெரியும். பழையது லேசாக உள்ளே வாங்கும். இரண்டையும் ஒரே அளவில், ஒரே கம்பெனிச் சரக்கில் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் சுவர் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பிளான்ட்டில் இதையே கருவி வைத்துச் செய்வோம். மூடியில் ஊசி இறக்கி அழுத்தம் பார்ப்போம், கூடவே வெப்பநிலையையும் பார்ப்போம். இரண்டையும் அட்டவணையில் பொருத்தினால்தான் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று தெரியும். வெப்பநிலையைக் குறிக்காமல் அழுத்தம் மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் மேலாளர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கடைத்தெரு
என் ப்ரிட்ஜில் இடம் கொஞ்சம்தான். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது?

பிளான்ட்காரன்
அன்றைக்கும் மறுநாளைக்கும் விற்கப்போவது மட்டும் உள்ளே போகட்டும். திறக்கிற நேரத்தில் குளிர்ந்திருந்தால் போதும், மாதக்கணக்கில் ப்ரிட்ஜில் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. அரை லிட்டர் பாட்டில் நடுப்பகுதி வரை குளிர மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். அரை மணி நேரத்தில் வெளிச்சுவர் சில்லென்று ஆகிவிடும், உள்ளே வெதுவெதுப்பாகவே இருக்கும், அப்போது திறந்தால் மறுபடி பொங்கும்.

வெளியே வைப்பதில் 250 மில்லி பெட் பாட்டிலுக்குத்தான் கடையிலேயே குளிர்ச்சியான மூலையைக் கொடுக்க வேண்டும். தரையில் சிமென்ட் மேல், பின்சுவர் ஓரம், வெயில் விழாத பக்கம். தகரக் கூரைக்கு நேர் கீழே இருக்கும் மேல்தட்டில் அதை வைக்கவே வைக்காதீர்கள், அங்கே தரையைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். மேல்தட்டுக்கு பிஸ்கட்டும் சோப்பும் போகட்டும். டின் சரக்கு இருந்தால் அதை வெளியே விடலாம், கேஸ் போகாது. ஆனால் நேர் வெயில் அதற்கும் கூடாது, அடி புடைத்துக்கொள்ளும்.

சோடாக்கடை
தம்பி, ஏஜென்சிக்காரரிடம் காலை வண்டியில் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஒரு கடை கேட்டால் கேட்க மாட்டார். அந்த ரோட்டில் இருக்கும் நாலு கடையும் சேர்ந்து கேட்டால் வழியை மாற்றுவார்.

கடைத்தெரு
பக்கத்து டீக்கடை அண்ணனிடம் பேசிவிட்டேன் அண்ணாச்சி, எதிரே ஜூஸ் கடையும் சேருகிறது. அதுவரைக்கும் இறக்கின சரக்கை வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கலாமா? நீலத் தார்ப்பாய்தான் இருக்கிறது.

பிளான்ட்காரன்
கிரேட்டோடு ஒட்டிப் போர்த்தினால் உள்ளே சூடு தேங்கி வெளியே இருப்பதைவிட மோசமாகிவிடும். நாலு கம்பு நட்டு ஒரு முழம் உயரத்தில் பந்தல் மாதிரிக் கட்டுங்கள், நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும். தார்ப்பாய்க்கு மேலே தென்னங்கீற்று இரண்டு வரிசை போட்டால் இன்னும் நல்லது. கிரேட்டுகளுக்கு நடுவே கை நுழைகிற இடைவெளி விட்டு அடுக்குங்கள். பழைய தேதி முன்னால், புதுத் தேதி பின்னால்.

கடைத்தெரு
கீற்று கிடைக்கும். திங்கட்கிழமை லோடு வருகிறது. இறக்கும்போதே தேதி பார்த்து, 250 மில்லியைத் தனியாகப் பிரித்துப் பின்சுவர் ஓரத்தில் அடுக்கிவிடுகிறேன். அடி ஆடுகிற பாட்டில் இருந்தால் வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிடுவேன்.